தொப்பியும் வலந்தலையும்

"பேஸ்" என்னும் சொல் நம்மவர் வீடுகளுக்குள் எப்போது நுழைந்ததென்று திட்டமாகக் கூறுதல் அரிது. சங்கீதம் கற்றோர் மந்தர ஸ்தாயி என்றனர். தவிற்காரர் தொப்பி என்றனர். மற்றையோர் அதற்கொரு பெயர் வேண்டுமென்றே நினைக்கவில்லை. இன்றோ எல்லாரும் பேஸ் என்றே சொல்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் மினி பஸ்ஸில் ஏறியவர், பாட்டின் சொற்களைக் கேளாதிருத்தல் கூடும்; ஆசனத்தின் கீழிருந்து முதுகெலும்பு வழியே ஏறும் பேஸைக் கேளாது இறங்குதல் கூடாது. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கிக்காரர் வண்டியிலிருந்து முதலில் இறக்குவது பேஸ் பெட்டியைத்தான். ஆகவே, சுண்டுவிரல் நுனியளவே பருமனுடையதாய்ச் செவித் துளைக்குள் ஒளிந்துகொள்ளும் இயர்போனிலும் அதே முழக்கத்தை நம் இளைஞர் தேடுவதில் வியப்பேதுமில்லை.

பேஸ் பிரியரை ஏளனஞ் செய்யும் கூட்டத்தில் நாம் சேரோம். நல்லதொரு தவிற் சமாவின் அருகே நின்று, தொப்பியில் விழும் அடியை நெஞ்சுக்கூட்டில் வாங்கிக்கொண்டவர் எவரும் அந்தக் கூட்டத்திற் சேரமாட்டார். விஞ்ஞானமும் இவ்விடயத்தில் இளைஞருக்கே பெரிதும் துணை நிற்கின்றது. அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷோன் ஒலிவ் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2013ஆம் ஆண்டு முதலாக வெளியிட்ட ஆய்வுகளிலே, கேட்போருட் பெரும்பாலார் சற்றே உயர்த்திய பேஸை விரும்புகின்றனர் எனக் கண்டனர். அதனினும் மிகுதியாக வேண்டுவோர் ஒரு சிறு பகுதியினர். குறைவாக வேண்டுவோரும் உளர். ஆகவே, "பேஸ் வேண்டுமா, வேண்டாமா?" என்பது எமது கேள்வியன்று. பேஸ் வந்து அமர்ந்த பின்னர் மற்றையோருக்கு இருக்க இடமுண்டா என்பதே கேள்வி.

இக்கேள்வி எம்மிடம் வந்து சேர்ந்தது எமது தங்கையின் மகன் மூலமாக. அவன் உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்பவன். சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குத் தனியார் வகுப்புக்கு வந்துபோகும் பஸ்ஸில், ஒலிப்பதிவு செய்த பௌதிகப் பாடங்களைக் கேட்கின்றான். பாடம் முடிந்ததும் பாட்டு. இரவிற் கணக்குச் செய்யும்போதும் பாட்டு. எல்லாமாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது அவனுடைய செவிகளில் ஏதோவொன்று ஒலித்துக்கொண்டிருக்கின்றது. பழைய இயர்போன் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. அயற் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அவன் சேர்த்த பணம் 9,000 ரூபா. 2022ஆம் ஆண்டில் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபின்னர், இத்தகைய பொருள்களின் விலை என்னவாயிற்று என்பதை எந்தத் தாயும் தந்தையும் அறிவர். ஒருமுறை பிழைத்தால் மறுமுறை வாங்க வழியில்லை.

"மாமா, நீங்களும் ஒருக்கா வாங்கோ. எனக்கு நல்ல பேஸ் வேணும். ஆனால் உங்கடை காதுக்குப் பொய் சொல்ல ஏலாது எண்டு அம்மா சொல்லுறா" என்றான். தங்கையின் புகழுரையை நம்பி நாமும் புறப்பட்டோம்.

கஸ்தூரியார் வீதியை அண்டிய ஒரு கடை. கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கியிருந்த பெட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் நெற்றியிலே பேஸ் என்னும் சொல் ஏதோவொரு வடிவில் எழுதப்பட்டிருந்தது. மிகு பேஸ், ஆழ் பேஸ், வல்ல பேஸ் என ஆங்கிலத்திற் பல அடைமொழிகள். பெட்டியின் பின்புறத்தில் 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருந்தனர். இது மனிதச் செவி கேட்கக்கூடிய மீடிறன்களின் எல்லை. மாணவர் பாடநூலிற் படித்திருப்பர். ஆயின் இவ்வெல்லைக்குள் எந்த ஒலியை எவ்வளவு வலிமையுடன் கருவி தருமென்பதைச் சொல்லாது எண்களை மட்டும் அச்சிடுதல், யாழ்ப்பாணத்திலிருந்து காலிவரை பஸ் உண்டு என்று எழுதிவிட்டு, எத்தனை பஸ், எத்தனை மணிக்கு என்பதை எழுதாது விடுவதையே ஒக்கும். 1,500 ரூபாப் பெட்டியிலும் அதே எண்கள். 15,000 ரூபாப் பெட்டியிலும் அதே எண்கள். உள்ளே இருக்கும் அதிர்தகட்டின் விட்டம் 10 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர் என்று பெருமையாகச் சொல்வதும் அத்தகையதே. பெரிய பானை வைத்திருப்பவரெல்லாம் நன்றாகச் சமைப்பவரல்லர்.

கடைக்காரர் தமது கைத்தொலைபேசியில் ஒரு குத்துப்பாட்டை ஒலிக்கவிட்டு, ஓர் இயர்போனை மருமகனின் செவிகளிற் பொருத்தினார். பையனின் முகம் மலர்ந்தது; தலை ஆடிற்று. அடுத்து இன்னொன்றைப் பொருத்தினார். முகம் வாடிற்று. "இதிலை பேஸ் இல்லை, மாமா" என்றான்.

நாம் அந்த இரண்டாவது கருவியை வாங்கி, அதன் முனையிலிருந்த சிறிய சிலிக்கோன் தொப்பியைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குள் உறங்கிய பெரிய தொப்பியை மாட்டி, மீண்டும் அவனிடங் கொடுத்தோம். வைத்துக் கேட்டவன் திகைத்தான். "இப்ப வருது!"

இதில் மாயமேதுமில்லை. நமது செவிக்குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் நீளமுள்ளது. அதன் வாயை இயர்போன் இறுக மூடும்போது, உள்ளே அடைபடும் காற்று மிகச் சிறிதளவே. அச்சிறு காற்றை அமுக்கியும் தளர்த்தியும் செவிப்பறையை அசைப்பதற்கு நகமளவான தகடும் போதியது. மூடி இறுகாவிடில், உயர்ந்த ஒலிகள் நேரே உட்செல்ல, தாழ்ந்த ஒலிகளுக்குரிய அமுக்கம் மட்டும் இடுக்கு வழியே கசிந்து போய்விடும். காற்றுப்போன சைக்கிள் பம்பு எவ்வளவு அடித்தாலும் டயர் ஏறாதது போலத்தான். எத்தனையோ பேர் நல்ல கருவியைப் "பேஸ் இல்லை" என்று மூலையில் எறிந்திருப்பர். பேஸ் இருந்தது, மூடிதான் பொருந்தவில்லை. பெட்டியில் மூன்று அளவான தொப்பிகள் வைப்பது அழகுக்கன்று. வலச்செவிக்கும் இடச்செவிக்கும் ஒரே அளவு பொருந்தவேண்டுமென்ற நியதியுமில்லை. பொருந்தியதா என்றறிய ஒரு சுலபமான வழி: பாட்டை நிறுத்திவிட்டு உரக்க ஒரு சொல் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்கள் தலைக்குள்ளேயே குடத்தொலி போல முழங்கினால், மூடி இறுகிற்று என்பது பொருள்.

ஆகவே போட்டியில் இரண்டு கருவிகள் எஞ்சின. முதலாவது, கம்பியற்றது, நெற்றியில் "மிகு பேஸ்" என்று எழுதியது, விலை 7,500 ரூபா. மற்றையது கம்பியுள்ளது, நெற்றியில் ஒன்றும் எழுதாதது, விலை 8,200 ரூபா. மருமகனின் மனம் முதலாவதிலேயே நின்றது. கடையிலே கேட்கும்போது எமக்கும் அதுவே மேலானதாய்த் தோன்றிற்று என்பதை மறைப்பானேன்? ஆனால் கடை என்பது ஒலியை மதிப்பிடத் தக்க இடமன்று. வெளியே பஸ்ஸும் ஓட்டோவும் இடையறாது உறுமுகின்றன. அவ்வுறுமல் தாழ்ந்த ஒலி. அது பாட்டிலுள்ள தாழ்ந்த ஒலிகளையே முதலில் விழுங்கும். ஆகவே தெருவோரக் கடையில் எந்தக் கருவிக்கும் பேஸ் போதாததாகவே தோன்றும். மிகுதியாக உள்ளது அளவானதாகத் தோன்றும். போதாக்குறைக்கு, இரண்டு கருவிகளுள் சற்றே உரத்து ஒலிப்பதையே மனிதச் செவி நல்லதென்று நம்பும். வேறுபாடு மிகச் சிறிதாயிருப்பின் அதை உரப்பென்று உணராது, தெளிவென்றும் இனிமையென்றும் உணரும். வியாபாரிகள் இதை நம்மிலும் நன்றாய் அறிவர்.

காதில் வைத்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று சுவரில் எழுதியிருந்தது, நியாயமான விதிதான். ஆயினும் கடைக்காரர் எமது பழைய அயலவரின் மகனாகையால், காட்சிக்கு வைத்திருந்த இரண்டையும் முற்பணம் பெற்றுக்கொண்டு ஓரிரவுக்குத் தந்துதவினார்.

அன்றிரவு எமது வீட்டு முன் விறாந்தையிலே பரீட்சை தொடங்கிற்று. மின்விசிறியையும் நிறுத்திவிட்டோம். முதலில், எதை வைத்துச் சோதிப்பது? மருமகன் தனக்குப் பிடித்த புதிய பாட்டுகளை அடுக்கினான். நாம் 1950களிலே பதிவான பழைய பாட்டொன்றைச் சொன்னபோது சிரித்தான். அவன் சிரித்தது சரியே. அக்காலத்துப் பதிவுகளில் மிகத் தாழ்ந்த ஒலிகள் அதிகமாக ஏறவில்லை. அதில் பேஸைத் தேடுவது வற்றிய குளத்தில் மீன் பிடிப்பதாகும். கடைசியில் இருவருக்கும் பொதுவாக இளையராஜாவின் பாட்டுகள் சில அகப்பட்டன. அவருடைய பாட்டுகளில் பேஸ் கித்தார் வெறுமனே தாளத்துக்கு ஒத்து ஊதுவதில்லை; தனக்கென்று ஒரு மெட்டை நடத்திச் செல்லும். அக்கித்தாரின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் ஒலிப்பது. நல்ல கருவியிற் கேட்டால் அம்மெட்டை நாம் வாய்விட்டுப் பாடலாம். ஒரு சுரம் முடிந்து மறு சுரம் பிறப்பது தெரியும். தீயதிற் கேட்டால் எல்லாச் சுரங்களும் ஒரே "தும் தும்" ஆகிவிடும். பேஸ் எவ்வளவு என்று பார்ப்பவர் பலர். எத்தகையது என்று பார்ப்பவர் சிலர்.

முதலாவது கருவி இப்பரீட்சையிற் பாதியே தேறிற்று. முழக்கம் மிகுதி; ஆனால் ஒவ்வோர் அடியும் அடுத்த அடி வருமளவும் வாசலிலே நின்றுகொண்டிருந்தது. ஆண் குரல் தொடங்கியதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஆண்களின் பேச்சுக்குரலின் அடி ஏறத்தாழ 85 முதல் 180 ஹேர்ட்ஸ் வரையில் அமைவது. பேஸ் கூட்டும் கருவிகள் பலவும், 40 ஹேர்ட்ஸைத் தூக்குகின்றோமென்று சொல்லிக்கொண்டு, சுலபமாகத் தூக்கத்தக்க 100, 200 ஹேர்ட்ஸ் பகுதியையே தூக்கிவிடும். அதனாற் பாடகர் சால் ஒன்றுக்குள் இறங்கி நின்று பாடுவது போலாயிற்று.

"சொல் விளங்குதா?" என்று கேட்டோம்.

"கூட்டி வைச்சால் விளங்குது" என்றான்.

இரண்டாவதில் ஒலியைக் கூட்டாமலே சொற்கள் விளங்கின. இதைக் கொண்டு நாம் தீர்ப்புச் சொல்ல முற்பட்டபோது, கணித மாணவன் குறுக்கிட்டான். "அது பிழை, மாமா. இரண்டாவது இயற்கையாவே கூடச் சத்தம் போடுறதாய் இருக்கலாம். ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்திட்டெல்லோ பாக்கவேணும்?" நியாயமான ஆட்சேபம். எனவே அவனே முறையொன்றை வகுத்தான். மேள அடி இரண்டிலும் ஒத்த உரப்பாய்க் கேட்குமாறு முதலில் ஒலியை அமைத்துக்கொண்டான். பின்னர், தான் முன்பு கேட்டறியாத ஒரு பாட்டைப் போடச் சொல்லி, விளங்கிய சொற்களைக் கொப்பியில் எழுதினான். இரண்டாவது கருவியில் முழு அடியையும் எழுதினான். முதலாவதில் நாலைந்து சொற்களுக்குமேல் எழுத முடியவில்லை. சொற்கள் விளங்குமளவுக்கு ஒலியைக் கூட்டினாலோ, மேளம் தலையை இடித்தது.

ஏன் இவ்வாறாகின்றது? ஹங்கேரியிற் பிறந்த கெயோர்க் வொன் பெக்கேசி என்னும் அறிஞர், செவியின் உள்ளமைப்பை ஆராய்ந்து 1961ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். நத்தையோடு போற் சுருண்ட உட்செவியிலே ஒலி ஓர் அலையாகச் செல்வதை அவர் கண்டார். உயர்ந்த ஒலிகள் வாசலண்டையிலேயே தங்கிவிடும். தாழ்ந்த ஒலிகளோ கடைசி அறை வரை நடந்து செல்லும். அவ்வாறு செல்லும் வழியில் வாசலறைகளையும் குலுக்கிக்கொண்டே போகும். ஆகையால் தாழ்ந்த ஒலி மிக உரத்ததாயின் உயர்ந்த ஒலியை மறைத்துவிடும். உயர்ந்த ஒலியால் தாழ்ந்ததை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. நமது பேச்சிலே ச, ட, த முதலிய மெய்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டுவன பெரும்பாலும் 2,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மெல்லிய ஒலிகள். மறைக்கப்படுபவை அவையே. ஓசை இருக்கும், சொல் இராது.

வாத்தியங்களின் கதியும் அதுவே. சர் சி. வி. இராமன் மிருதங்கத்தை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டில் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். சாதாரண மேளத்தோலிற் பிறக்கும் மேலொலிகள் ஒன்றோடொன்று இயையாது சிதறிக் கிடப்பவை. மிருதங்கத்திலோ, தோலின் நடுவே அப்பிய கரணை என்னும் கறுப்புச் சாந்தினால் அவை தந்திவாத்தியத்திற்போல் ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன என்பது அவர் கண்ட உண்மை. அந்த மேலொலிகளை மூடிவிடும் கருவியில், தலைமுறை தலைமுறையாக நம் வாத்தியக் கைவினைஞர் சாந்து அரைத்து அப்பிய உழைப்பெல்லாம் வீணே. மிருதங்கமும் ஒன்று, தகரப் பீப்பாவும் ஒன்று.

மிகு பேஸுக்குச் சார்பாகவும் ஒன்று சொல்லவேண்டும். பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்து 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலியைக் குறைக்கக் குறைக்க நமது செவிக்குத் தாழ்ந்த ஒலிகளே விரைவாய் மறைகின்றன. எனவே, மெல்லக் கேட்பவருக்குப் பேஸ் சற்றுத் தூக்கியிருத்தல் உண்மையாகவே துணைபுரியும். மெல்லக் கேட்பதற்கு உதவுமாயின் அது நல்ல பேஸ். எமது மருமகனின் கொப்பி காட்டியதோ இதற்கு மறுதலையானது.

ஆயினும் கொப்பி காட்டியதை மனம் ஒப்பவில்லை. "ஆனாலும் மாமா, முதலாவதிலை ஒரு சுகம் இருக்கு" என்று முணுமுணுத்தபடியே படுக்கப் போனான்.

மறுநாட் காலையில் நாம் இணுவிலுக்குப் போகவேண்டியிருந்தது. அவ்வூரிலே வாழும் தவில் வித்துவான் ஒருவர் எமது குடும்பத்துக்கு நெடுநாள் வேண்டியவர், வயது எழுபத்தாறு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தவிலைத் தோளிற் சுமந்தவர். மருமகனும் உடன் வந்தான். பேச்சுக்கிடையே இயர்போன் கதை எழ, வித்துவான் குழந்தைபோல் ஆவல் கொண்டு, "எங்கை, எனக்கும் ஒருக்கா வைச்சுவிடு மோனை" என்றார்.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய தவிற்பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேடி எடுத்து, மருமகன் முதலாவது கருவியை அவர் செவிகளில் வைத்தான்.

தவிலைப் பற்றி அறியாத மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. இடப்பக்கத்துச் சிறிய முகம் தொப்பி, தளர்ந்த தோல், கழியால் அடிப்பது, தாழ்ந்த ஒலி. வலப்பக்கத்துப் பெரிய முகம் வலந்தலை, இறுகிய தோல், விரல்களிற் கூடு மாட்டி வாசிப்பது, கூரிய ஒலி. சொற்கட்டுகளின் நுணுக்கமெல்லாம் வலந்தலையிலேதான் பெரும்பாலும் விளையாடும்.

வித்துவான் கண்களை மூடினார். இடக்கை முழங்காலின்மீது தானாகவே அசையத் தொடங்கிற்று. வலக்கை அசையவில்லை. சிறிது நேரங் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"தொப்பி நல்லாய் விழுகுது. வலந்தலைக்காரன் என்ன, நித்திரையோ?"

எல்லாரும் சிரித்தோம். இரண்டாவது கருவியை வைத்து, ஒலியையும் சற்றுக் கூட்டினான் மருமகன். இம்முறை வலக்கை விரல்களும் மெல்ல எழுந்தன. முழங்காலிலே தத்தின, ஓடின, ஓரிடத்தில் தயங்கி நின்றன. "இப்ப ஆள் எழும்பியிட்டான். ஆனால் தூரத்திலை நிண்டு வாசிக்கிறான்" என்றார்.

தூரம் கருவியில் இருந்ததன்று. செவி வைத்தியர் எழுதிக் கொடுத்த படமொன்றை அவர் பெட்டகத்திலிருந்து எடுத்துவரச் செய்து பையனிடங் காட்டினார். தாழ்ந்த ஒலிகளுக்கு நேராகச் சமதரையிலே செல்லும் கோடு, 2,000 ஹேர்ட்ஸைக் கடந்ததும் கிணற்றுக்குள் விழுவது போல் இறங்கிற்று. பெருஞ் சத்தத்தில் வாழ்ந்தோரின் செவிகளில் முதலிற் பழுதடைவது 4,000 ஹேர்ட்ஸை அண்டிய பகுதியே என்பது மருத்துவர் அறிந்த செய்தி. சமாக்களில் நாலைந்து தவில்களுக்கு நடுவே நின்ற ஆண்டுகளின் கணக்கு அந்தக் கோட்டிலே எழுதியிருந்தது. போனது மீளாது.

"கோயில் மணி கேக்குது. மழை பெய்யிறது கேக்குதில்லை. முத்தம் நனைஞ்சிருக்கிறதைப் பாத்துத்தான் தெரியும். பேரப்பிள்ளையள் கதைக்கேக்கை சத்தம் கேக்குது மோனை, சொல்லுத்தான் கேக்குதில்லை. அதுகளும் எத்தினை தரம் திருப்பிச் சொல்லுங்கள்? பிறகு பேசாமல் போயிடுங்கள்."

அவர் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. மழைநாளின் வெப்பநிலையைச் சொல்வது போலவே சொன்னார். மருமகன் அந்தப் படத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தான். ஓசை உண்டு, சொல் இல்லை என்பது, முந்திய இரவு அவன் கொப்பியில் எழுதமுடியாது விட்ட அதே இடைவெளி அன்றோ? பதினெட்டு வயதுச் செவியை எழுபத்தாறு வயதுச் செவியாக்கிக் காட்டும் கருவிக்கு 7,500 ரூபா விலை அதிகமென்றே எமக்குத் தோன்றிற்று. வித்துவானுக்கு வாய்த்த குறை அவர் கலைக்குக் கொடுத்த விலை. பையன் கொடுக்கவிருந்தது எதற்கான விலை?

அவர் இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தார். தனியாவர்த்தனம் உச்சத்தை நெருங்க, "கூட்டிவிடு மோனை" என்றார். கூட்டினான். "இன்னும்." தொலைபேசித் திரையில் எச்சரிக்கை ஒன்று தோன்றவே, பையன் எம்மைப் பார்த்தான். வித்துவான் அதைக் கண்டுகொண்டு, "எனக்கு இனிக் கெடுறதுக்கு என்ன கிடக்கு? நீ கூட்டு" என்று சிரித்தார்.

திரும்பி வருகையில் கணக்குத் தொடங்கிற்று. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறியின்படி, 80 டெசிபெல் உரப்பில் ஒருவர் வாரமொன்றுக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்நேரம் பாதியாகும். 90 டெசிபெலிலோ வாரம் முழுவதற்கும் 4 மணி நேரமே. மருமகன் நாளொன்றுக்குக் கேட்பது 4 மணி. அதாவது, பாடகரின் சொல்லைத் தேடி அவன் ஒலியை 90 டெசிபெலுக்குக் கூட்டினால், திங்கட்கிழமை இரவோடு அவ்வாரத்துப் பங்கு முடிந்துவிடும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை கடன். சாதாரண தொலைபேசிகள் டெசிபெலைக் காட்டுவதில்லை. ஒலிக்கோட்டின் 60 வீதத்தைத் தாண்டாதிருத்தல் நன்றென அதே நிறுவனம் எளிய வழியொன்றையும் சொல்கின்றது. இறுக மூடும் கருவி பஸ்ஸின் உறுமலை வெளியே நிறுத்திவிடுவதால், அவ்வெல்லைக்குள் நிற்பதும் சிரமமன்று. பிள்ளைகளைப் "பாட்டுக் கேளாதே" என்று அதட்டும் பெற்றோர், அதற்குப் பதிலாக, அவர்கள் ஒலிக்கோட்டில் எந்த இடத்தில் நிறுத்திக் கேட்கின்றனர் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தல் தகும்.

மாலையிற் கடைக்குப் போனோம். மருமகன் இரண்டாவதையே வாங்கினான். ஆனால் முழுச் சம்மதத்துடன் வாங்கினான் என்று சொல்லமாட்டோம். "அடி கொஞ்சம் காணாது" என்றான். பிறகு கடைப் படியிலேயே உட்கார்ந்து, தொலைபேசிக்குள் எங்கோ மறைந்திருந்த ஒலியமைப்புப் பகுதியைத் திறந்து, 60 ஹேர்ட்ஸுக்குரிய கோலை மட்டும் சற்றே மேலே தள்ளி, 200 ஹேர்ட்ஸைத் தொடாது விட்டான். எமக்கும் கேட்கத் தந்தான். தொப்பி முன்னிலும் கனமாய் விழுந்தது. குரல் சாலுக்குள் இறங்கவில்லை. இத்தகைய கோல் ஒன்று உண்டென்பதே எமக்குப் புதிய செய்தி. எஞ்சிய 800 ரூபாவில், காதின் வடிவுக்கேற்ப அமுங்கி விரியும் பஞ்சுத் தொப்பிகள் ஒரு சோடி வாங்கிக்கொண்டான். இடச்செவிக்கு நடுத்தரம், வலச்செவிக்குப் பெரிது.

முதலாவது கருவியைக் கடைக்காரர் துடைத்து, முற்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, பழையபடி கண்ணாடிப் பேழையின் முன்வரிசையில் வைத்தார். இந்த வகைதான் அதிகம் போகின்றதென்றும், இம்மாதத்தில் இது மூன்றாவது பெட்டியென்றும் சொன்னார். நாம் படியிறங்குமுன், வெள்ளைச் சீருடையோடு உள்ளே வந்த இரண்டு மாணவர்கள் அதன் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.